பச்சை அடிக்கிற லென்ஸ்

எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஆனி இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. வெளியே மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் ஆனி முடிந்து ஆடி பிறந்தது, பூ விலை ஏறியது, மழை கொட்டித் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்று மறுபடி ஓடியது. எங்கள் சமையலறைச் சுவரில் மட்டும் தினமும் வெள்ளிக்கிழமை, தினமும் ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. என் கணவர் வைத்தீஸ்வரன் காமிராவுக்கு லென்ஸ் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அதனால் காலண்டரில் தாள் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு.

லென்ஸ் எதற்கு என்று கேட்டால், எனக்காகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த மனுஷன் மேல் அநியாயமாகப் பழி விழும்.

அவருக்கு அறுபது முடிந்தபோது ஹால் எடுத்து, கலசம் வைத்து, ஹோமம் வளர்த்து சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தலையில் தண்ணீர் வழிய, கைகூப்பி, ஏதோ ராஜ்யத்துக்கு முடிசூட்டிக்கொள்கிறவர் போல அவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. செம்பைப் பிடித்திருப்பது என் நாத்தனார். செம்புக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஒற்றைக் காதும் தோடும் என்னுடையவை. வீட்டுக்கு வருகிறவர்கள், "மாமி எங்கே காணோம்?" என்று கேட்பார்கள். நான் தோட்டைக் காட்டுவேன்.

அன்றைக்கு ஆல்பம் வந்ததும் அவருக்கே கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. "உன்னோட அறுபதுக்கு நானே எடுக்கறேன் அம்மிணி. நல்ல லென்ஸ் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துல, நன்னா ஒரு படம். ஃபிலிம்ல ஒண்ணு, டிஜிட்டல்ல ஒண்ணு," என்றார்.

பெண்களின் அறுபதுக்கு ஹாலும் கிடையாது, கலசமும் கிடையாது. அதனால் அந்த வாக்கு எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. ஒரே ஒரு படம். முகம் தெரிய வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், நடுவில் செம்பு இருக்கக் கூடாது. இதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லி எழுதிவைத்த ஜூன் ஒன்று. ஆதாரும் பான் கார்டும் பென்ஷன் ஆபீசும் அதை நம்புகின்றன. டோம்பிவிலியில் இருக்கிற என் பெண் பத்மஜாவும் அதையே நம்பி வருஷா வருஷம் கேக் அனுப்புகிறாள். இன்னொன்று நான் நிஜமாகவே பிறந்த நாள். ஆடி மாதம், ரோகிணி நட்சத்திரம். அது எந்த ஆபீசிலும் பதிவாகவில்லை. எந்த செல்போனும் அதற்கு மணியடிப்பதில்லை. மளிகைக் கடையில் ஜனவரியில் கொடுக்கிற தினசரிக் காலண்டரில், தாளின் நடுவில், சின்ன எழுத்தில் இருக்கிறது. பத்மஜாவுக்குத் தமிழ் படிக்க வராது. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "எத்தனை பர்த்டே வெச்சுப்பே மம்மி, பஸ் கரோ நா, போதும்," என்று சிரித்தாள். ஆகவே என் பிறந்தநாளை அறிந்த ஜீவன்கள் உலகத்தில் மூன்று. நான், அவர், காலண்டர்.

அவரிடம் இரண்டு காமிரா உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய ஃபிலிம் காமிரா ஒன்று. அதன் லென்ஸைப் புட்டி மூடி போலத் திருகிப் போட வேண்டும். போன வருஷம் மாப்பிள்ளை கொடுத்த டிஜிட்டல் காமிரா ஒன்று. அதோடு வந்த லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே அதன் குற்றம். "இதுல ஆத்மா இல்லை," என்று சொல்லி பீரோவில் வைத்துவிட்டார். நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டால் பழைய திருகு லென்ஸ் இரண்டு காமிராவிலும் பொருந்துமாம். ஒரே லென்ஸ், இரண்டு காமிரா. அது ஐம்பது எம்எம்மாக இருக்க வேண்டும். ஐம்பது எம்எம் என்பது மனிதக் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கிற லென்ஸ் என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய மனிதக் கண் எதையெதைப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். லென்ஸ் அதைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். பழைய ஐம்பது எம்எம் லென்ஸ்களை ஆராய்கிற ரிடையர்ட் ஆட்கள். செம்பூரில் ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை கூடிக் காபி குடிப்பார்கள். தலைவர் சாய்நாத், அணு ஆராய்ச்சி ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தவர். குழுவில் இரண்டு கட்சி. எஃப் என்பது அபெர்ச்சர், அதாவது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது என்கிற கணக்கு; எண் குறையக் குறைய வாய் பெரிசு. எஃப் 1.4 என்று போட்டிருக்கிற லென்ஸ்தான் உசத்தி, இருட்டிலும் படம் எடுக்கலாம் என்பது ஒரு கட்சி. எஃப் 1.8 போதும், அதுதான் துல்லியம் என்பது எதிர்க்கட்சி. இந்தச் சண்டையில் ஒருவர் மகன் கல்யாணத்துக்கு இன்னொருவரைக் கூப்பிடாமல் விட்டிருக்கிறார்.

அவர்கள் எடுத்த படங்களை அவர் எனக்குக் காட்டுவார். செங்கல் சுவர். கம்பி வேலி. ஈரமான இலை. தூங்குகிற பூனை. மறுபடி செங்கல் சுவர், இப்போது ஜெர்மன் லென்ஸில். "மனுஷாளே இல்லையே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுஷா அசைவா அம்மிணி," என்றார். "அசைஞ்சா டெஸ்ட் கெட்டுப்போயிடும்."

லென்ஸ்கள் ஷகீல் மூலம் வந்தன. ஷகீல் தாராவிக்காரன். அவன் வீட்டில் தோல் பை தைக்கிற பட்டறை இருக்கிறது. அதோடு, பழைய சாமான் விற்கிற இடங்களில் அலைந்து லென்ஸ் பொறுக்கி, ஆன்லைனில் விற்பதும் அவன்தான். ஒவ்வொரு லென்ஸையும் பட்டறையில் தைத்த சின்னத் தோல் பையில் போட்டுக் கொண்டுவருவான். வாரம் முழுக்க வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. லென்ஸ் எப்படியிருந்தாலும் பை ரொம்ப அழகாக இருக்கும்.

"மாமி, இது லேசுப்பட்ட சாமான் இல்ல பாத்துக்கிடுங்க," என்பான் காபியை வாங்கிக்கொண்டு. "கொலாபாவுல ஒரு பார்சி டாக்டர் வச்சிருந்தது. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வெளிய எடுப்பாரு. கைபடாத கண்ணாடி."

அடுத்த வாரம் வந்ததும் பார்சி டாக்டருடையதுதான். அதற்கடுத்ததும். அத்தனை லென்ஸ் வைத்துக்கொண்டு அந்த டாக்டர் நோயாளிகளை எப்போது பார்த்தார் என்று கேட்டேன். ஷகீல் கொஞ்சமும் அசரவில்லை. "கண் டாக்டர்லா மாமி," என்றான்.

ஒன்று வந்தது, கண்ணாடிக்குள் நூலாம்படை மாதிரி பூஞ்சணம். திருப்பிப் போயிற்று. ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்று மஞ்சளாக இருந்தது. அதன் கண்ணாடியில் கதிர்வீச்சுப் பொருள் கலந்திருக்கும், வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும் என்று குழுவில் சொன்னார்கள். மும்பையில் ஆனி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அதை என் அடுப்பு மேடையில், இட்லி மாவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக வைத்தார். கதிர்வீச்சு என்றதும் நான் மாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். சாய்நாத்தைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். அணு ஆபீசில் முப்பது வருஷம் சம்பளப் பட்டியல் போட்ட அதிகாரத்தோடு அவர், "ஒண்ணும் ஆகாது, இட்லி பளபளன்னு வரும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

இனிக் காலண்டர் கதைக்கு வருகிறேன். லென்ஸ்களை ஒப்பிட ஒரே இலக்கு வேண்டும், அதில் பொடி எழுத்து இருக்க வேண்டும் என்று குழுவில் விதி. ஒருவர் ஆங்கில தினசரிப் பேப்பரை ஒட்டிவைத்து எடுத்தார். என் கணவர் அதையெல்லாம் தாண்டி ஒரு கண்டுபிடிப்புச் செய்தார். தினசரிக் காலண்டர்த் தாளை விடப் பொடியான அச்சு வேறெங்கும் கிடையாது. நடுவில் கொட்டை எழுத்தில் தேதி, நாலு மூலையிலும் நல்ல நேரம், எமகண்டம், குளிகை, சூலம். அடி மூலையில் சந்திராஷ்டமம். "மூலையில சந்திராஷ்டமம்கிற வார்த்தையோட ஷ்ட தெளிவா விழுந்துடுத்துன்னா, அதான் லென்ஸ்," என்றார். குழுவில் இதற்கு ஏகப்பட்ட கைதட்டல் பொம்மை விழுந்தது. தமிழ் படிக்கத் தெரியாத இரண்டு குஜராத்திக்காரர்கள்கூட அன்று மளிகைக் கடையில் தமிழ்க் காலண்டர் கேட்டு நின்றார்களாம்.

இலக்கு மாறக் கூடாது என்பதால் தாளைக் கிழிக்கக் கூடாது. ஆனி இருபதோடு மொத்தக் கட்டையும் ஒரு கறுப்புக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டார். நான் காலையில் எழுந்து பல் தேய்த்ததும் தாள் கிழிக்கிறவள். அது எனக்குக் காபி மாதிரி. கிழிக்க முடியாமல் போனதும், கிளிப்பைத் தளர்த்தி அடித்தாளைத் தூக்கிப் பார்த்து அன்றைய நாளைத் தெரிந்துகொண்டேன். என் வீட்டில் நானே திருட்டுத்தனமாகத் தேதி பார்த்தேன்.

காலை வெளிச்சம்தான் சமமாக இருக்குமாம். சரியாக நான் சமைக்கிற நேரம். மின்விசிறியை நிறுத்து, காற்றில் தாள் ஆடும். குக்கரை இறக்கு, விசில் அடித்தால் காமிரா நிற்கிற ட்ரைபாட் நடுங்கும். எங்கள் கட்டடம் தண்டவாளத்துக்குப் பக்கம். ஃபாஸ்ட் லோக்கல் போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அதனால் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில்தான் படம். கிளிப் போட்டும் தாளின் இடது கீழ் மூலை மட்டும் மழை ஈரத்தில் சுருண்டுகொண்டே இருந்தது. அதை ஒருவர் விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சித்தே பிடிச்சுக்கோ அம்மிணி. அசையாதே. மூச்சு விடாதே, ரயில் போயிடட்டும்."

இப்படியாக ஒரு லென்ஸுக்கு ஒரு காலை. முதலில் டிஜிட்டலில், பிறகு அதே லென்ஸைத் திருகிக் கழற்றி ஃபிலிமில். நான் அடுப்பில் பொங்குகிற பாலைப் பார்த்துக்கொண்டே எமகண்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆடி பிறந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. தாளைத் தூக்கிப் பார்த்தேன். ஆடி ஐந்து, திங்கட்கிழமை, ரோகிணி. நான் வாய் திறக்கவில்லை. ஞாபகப்படுத்தி வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன மதிப்பு? அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இவ்வளவு பாடும் எனக்காக என்று சொல்கிறவர் அந்த ஒரு நாளைத் தவறவிடுவாரா என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. சத்தியமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்தேன். நானே போய் வாங்கிவைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். நல்ல இலைப்பச்சை, மாம்பழக் கலர் பார்டர். செம்புக்குப் பின்னால் தெரிந்த அதே தோட்டைப் போட்டுக்கொண்டேன். பால்பாயசம் வைத்தேன். ஆறு மாதமாகக் காத்திருந்த கல்யாணப் பெண் போல சமையலறையில் நின்றேன்.

அவர் ட்ரைபாடோடு வந்தார். முந்தின நாள் ஷகீல் கொடுத்துப்போன ஜப்பான் லென்ஸ் கையில் இருந்தது. உள்ளே துளி தூசி இல்லை, அருமையான கண்ணாடி என்று அதைத்தான் பார்த்துக்கொண்டே வந்தார். மூக்கில் வாசனை பட்டது.

"பாயசமா? என்ன விசேஷம்?"

"பால் மிஞ்சிப்போச்சு," என்றேன்.

"நல்லது. வா, வா, இப்போ மேகம் நன்னா இருக்கு. பிடிச்சுக்கோ."

நான் தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. முகம் தெரிந்தது. செம்பு எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அவர் சொன்ன மாதிரியே விழுந்தது. அவர் காமிராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்னவோ மினுமினுங்கறதே. பட்டா? காலங்கார்த்தால எதுக்கு இது? கொஞ்சம் அந்தண்டை தள்ளிக்கோ அம்மிணி. இன்னும். கட்டைவிரல் மட்டும் இருந்தா போதும். ஆங். அசையாதே."

நான் தள்ளிக்கொண்டேன். கையை நீட்டிக் கட்டைவிரலை மட்டும் தாளில் வைத்தேன். ரயில் போயிற்று. டம்ளர்கள் அடங்கின. “எஃப் டூ,” என்று முணுமுணுத்து லென்ஸ் வளையத்தைத் திருகி, டிஜிட்டலில் எடுத்தார், ஃபிலிமில் எடுத்தார். நான் அசையவில்லை. பிறகு அவர் பாயசம் சாப்பிட்டு, இனிப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார்.

ஃபிலிம் கழுவி வந்ததும் பெரிய விசாரணை நடந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். ஷ்ட கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. இதுவரை பார்த்ததிலேயே துல்லியம். ஆனால் தாளின் இடது ஓரம் வெள்ளையாக இல்லை, லேசாகப் பச்சை அடித்தது. டிஜிட்டலிலும் பச்சை, ஃபிலிமிலும் பச்சை. காமிரா மாறியும் பச்சை மாறவில்லை என்றால் குற்றவாளி லென்ஸ்தான் என்று முடிவானது. மேல் பூச்சுப் போய்விட்ட லென்ஸ், பச்சை அடிக்கிற லென்ஸ் என்று குழுவில் நீளமாக எழுதினார்.

ஷகீலுக்கு நிஜமாகவே மனசு வருத்தம். "சார், சத்தியமா சொல்லுதேன், இந்த மாதிரி கண்ணாடி திருப்பி என் கைக்கு வராது. பார்சி டாக்டர் கதையெல்லாம் விடுங்க, இது நெசமாவே நல்ல சாமான். இன்னொரு நாள் வச்சுப் பாருங்களேன்."

"ஒரு லென்ஸுக்கு ஒரு காலை. விதின்னா விதி," என்றார் இவர்.

அந்த வாரமே ஷகீல் அதை சாய்நாத்துக்கு விற்றுவிட்டான். சாய்நாத் அது எந்த லென்ஸ் என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பை மட்டும் வேறு நிறத்தில் தைத்துக் கொடுத்ததாக எங்களிடம் சொல்லிச் சிரித்தான்.

ஆடி கடைசியில் ஒருநாள் காலை அவர் கல்யாண மாப்பிள்ளை போலக் கூடத்துக்கு வந்து, "முடிஞ்சுது," என்றார். ஒரு எஃப் 1.8 லென்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஷ்ட சுமாராகத்தான் இருந்தது, ஆனாலும் வெள்ளை வெள்ளையாக இருந்ததாம். "இனிமே உன் படந்தான். ரோகிணி எப்போ வர்றது? காலண்டர்லதான் ஆனியே முடியலையே, நிறைய டயம் இருக்கு," என்று அவரே சிரித்துக்கொண்டார்.

"கிளிப்பை எடுத்துக் கிழிச்சுப் பாருங்கோ," என்றேன்.

கிளிப்பை எடுத்தார். ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் கையில் சேர்த்துக்கொண்டே வந்தார். ஆனி முடிந்தது. ஆடி ஐந்தை வாய்விட்டுப் படித்தார், திங்கட்கிழமை, ரோகிணி என்று. அதையும் கிழித்தார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தாள் கிழித்த பிறகுதான் கை நின்றது.

"இது எப்போ போச்சு?"

"பாயசம் வெச்ச அன்னிக்குப் போச்சு."

அவர் தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் சொல்லலை?"

"எனக்காக லென்ஸ் பார்க்கறவர் என்னையும் பார்ப்பார்னு நினைச்சேன்," என்றேன். எனக்கு அழுகை வந்தது. மறைத்துக்கொள்ளவில்லை. அறுபது வயசில் யாருக்காக மறைப்பது?

அவர் கெஞ்சுகிற குரலில், "ரோகிணி அடுத்த மாசமும் வரும் அம்மிணி," என்றார்.

"ரோகிணி வரும். அறுபது வராது. அன்னிக்கு என்ன படம் எடுத்தேளோ அதைக் காட்டுங்கோ."

"அன்னிக்கு டெஸ்ட்தானே. அந்தப் பச்சை லென்ஸ்."

"அதைத்தான் கேட்கறேன்."

கம்ப்யூட்டரில் போட்டார். ஆனி இருபது, வெள்ளிக்கிழமை. மூலையில் என் கட்டைவிரல். நகத்தோரம் மஞ்சள், பக்கத்தில் பழைய சூட்டுத் தழும்பு. தாளின் ஓரத்தில் அந்தப் பச்சை. "பார்த்தியா, இதுக்காகத்தான் வேண்டாம்னேன்," என்று அந்த நிலைமையிலும் சொன்னார்.

நான் பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலண்டர் பக்கத்தில் அதே இடத்தில் போய் நின்றேன். தாளில் கட்டைவிரலை வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் புடவையில் பட்டுத் தாளின் ஓரம் பச்சையாயிற்று. அவர் தாளைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்த லென்ஸ்ல ஒரு குறையும் இல்லையா," என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், முதலில் அவர் முகம் வாடியது லென்ஸுக்காகத்தான். மற்றது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் நிஜம், அதையும் சொல்ல வேண்டும். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பச்சைன்னு பிக்ஸல்ல தெரிஞ்சுது. எதிர்ல நின்னது தெரியலையே," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

உடனே காமிராவை எடுத்துக்கொண்டு வந்து, இப்போதே எடுக்கிறேன், நில் என்றார். நான் மறுத்துவிட்டேன். எனக்கு அந்தப் படமே போதும், பெரிசாக பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணுங்கோ என்றேன்.

"அது டெஸ்ட் ஷாட் அம்மிணி. வெறும் காலண்டர்."

"என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீங்க உங்க கையால எடுத்த படம் அதுதான். வேற இல்லை."

கூடத்தில் அவருடைய சஷ்டியப்தபூர்த்திப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில் மாட்டினோம். அங்கே அவர் ராஜா மாதிரி நனைந்துகொண்டிருக்கிறார், என் காது தெரிகிறது. இங்கே எமகண்டம், குளிகை, என் கட்டைவிரல். பத்மஜா டோம்பிவிலியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வாவ், மாடர்ன் ஆர்ட்டா? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அப்பாவைக் கேள் என்றேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை என்று ஆரம்பித்தவர், பிறகு அது வெள்ளிக்கிழமை இல்லை என்று விளக்கத் தொடங்கினார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் காபி எங்கள் வீட்டில். புது லென்ஸைப் பார்க்க நாலைந்து பேர் வந்திருந்தார்கள். லென்ஸைக் கைக்குக் கை மாற்றி, முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்கள். சாய்நாத் மட்டும் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். சஷ்டியப்தபூர்த்திப் படத்தைத் தாண்டி என் படத்துக்கு எதிரில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தார்.

"என்ன வைத்தி, இந்த ஷார்ப்னஸ்! மூலை வரைக்கும் ஷ்ட நிக்கறதே," என்றார். "ஆனா இடது ஓரத்துல பச்சை அடிக்கறது பாரும். இது அந்தப் பூச்சுப் போன லென்ஸ்தானே? நான் இப்போ ஷகீல்கிட்ட வாங்கினேனே ஒண்ணு, அதுல இப்படி வரவே வராது."

நான் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிட்டால் லென்ஸ் பெருமை, குழுப் பெருமை எல்லாம் போகும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. மென்று விழுங்கினார்.

"லென்ஸ் நல்ல லென்ஸ்தான். உம்ம கையில இருக்கறது அதேதான்," என்றார். "பச்சை, அம்மிணியோட புடவை. அன்னிக்கு அவளோட அறுபதாம் பிறந்தநாள். நான் கவனிக்கலை."

சாய்நாத் படத்தை மறுபடி ஒருமுறை, ரொம்ப மரியாதையாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அது சரி," என்றார். "அபெர்ச்சர் என்ன வெச்சேர்?"

நான் தட்டை மேஜைமேல் வைத்தேன்.

"எஃப் டூ," என்றேன். "அன்னிக்கு நான் அசையவே இல்லை."